பில் கடன் வாங்கின சிநேகிதர்

வாங்க தம்பி, உக்காருங்க. இந்தக் குச்சி உங்க காலை இடிக்குதுங்களா? சித்தெ இருங்க, சீட்டுக்கு அடியில தள்ளிக்கறேன். தட்டிதானுங்க, கூட்டத்துல புடிச்சுட்டு நின்ன தட்டி. மடக்க வராது. அஞ்சு பிளை அட்டை, எம்பட பட்டறைச் சரக்கு. பெருமைக்குச் சொல்லலீங்க, இது மேல நீங்களே ஏறி நின்னாலும் தாங்கும்.

கொஞ்சம் மெதுவாப் பேசிக்குவமுங்க. சன்னலோரம் துண்டைப் போத்திட்டு இவரு தூங்கறாரு. வெள்ளிங்கிரின்னு பேரு. கோயமுத்தூர்ல கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கறாரு. நான் சென்னியப்பன், அதே ஊர்ல கணபதியில அட்டைப்பெட்டி போடறேன். இவரு கிரைண்டர் எந்த ஊருக்குப் போனாலும் எம்பட பெட்டிக்குள்ள உக்காந்துதான் போகோணும். ரெண்டு பேரும் மெட்ராஸ்ல ஒரு கூட்டத்துக்கு வந்துட்டுத் திரும்பறோம். எங்க ஆளுக இன்னும் நெறையப் பேரு இதே ரயில்ல அடுத்த கோச்சுல இருக்கறாங்க.

தட்டியில என்ன எழுதியிருக்குதுங்கறீங்களா? குனிஞ்சு படிங்க. 'பில் பைனான்ஸுக்குச் சட்டம் வேண்டும்.' அதுக்குக் கீழ? 'ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதே.' சிரிக்கறீங்க பாத்தீங்களா. எல்லாரும் அந்த ரெண்டாவது வரியைப் பாத்துத்தான் சிரிக்கறாங்க. விஷயமே அதுலதானுங்க இருக்குது. நீங்க சேலத்துல எறங்கறவரு, நேரம் இருக்குது, சொல்றேன்.

நான் ஒரு கம்பெனிக்குப் பெட்டி எறக்கறேன்னு வெச்சுக்குங்க. பில்லும் கூடவே போயிருது. பணம் மூணு மாசம் கழிச்சுத்தான் வரும். அது எங்க ஊர்ப் பழக்கம், யாரும் யாரையும் கேட்டுக்கறதில்லை. ஆனா பேப்பர் மில்லுக்காரனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் தெரியாதுங்க. அவன் லாரியில இருந்து ரோலை எறக்கறதுக்கு முன்னாலயே கையை நீட்டறான். நடுவுல நாம என்ன பண்றது? அதுக்குத்தான் இந்த பைனான்ஸ் கம்பெனிக. பில்லைக் கொண்டுபோய்க் குடுத்தா நூத்துக்கு எம்பது இப்பவே தர்றாங்க. பெட்டி வாங்கின கம்பெனி பணம் கட்டினதும் அவுங்க கூலியை எடுத்துட்டு மீதியைத் தர்றாங்க. நல்ல ஏற்பாடுதானுங்க. அது இல்லீன்னா எங்க பக்கம் பாதிப் பட்டறை பூட்டிக் கெடக்கும்.

அப்பறம் எதுக்குத் தட்டி தூக்கறீங்கன்னு கேப்பீங்க. கையெழுத்துப் போடறப்ப ஒரு வட்டி சொல்றாங்க. போட்டதுக்கப்பறம் ஒவ்வொண்ணா வருது. பைல் பாத்ததுக்கு ஒரு கூலி, பில் நெசமான்னு விசாரிச்சதுக்கு ஒரு கூலி. இந்த மாசம் பில்லே குடுக்காம சும்மா இருந்தீங்களே, அதுக்கும் ஒரு கூலி. சும்மா இருக்கறதுக்குக் காசு கட்டினவனை நீங்க எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா? கேட்டா, தொழில்காரர்தானுங்களே சார், படிச்சுப் பாத்துத்தான போட்டீங்கங்கறாங்க. அத்தனை பொடி எழுத்தை எவன் படிக்கறான்? வீட்டுக்கு டிவி வாங்கக் கடன் வாங்கினவன் போய் மொறையிட ஒரு எடம் இருக்குது. எங்களுக்கும் அப்படி ஒண்ணு வேணுமுங்க. மொத்தக் கூலியையும் மொதல்லயே சொல்லோணும், விசாரிக்கறதா இருந்தா முறையா விசாரிக்கோணும். அவ்வளவுதான் நாங்க கேக்கறது.

இத்தனை வெவரம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. எனக்கு இல்லீங்க. நான் ஒரு பில்லைக்கூட எங்கியும் வெச்சதில்லை. எம்பட சிநேகிதர் ஒருத்தர். பேரு வேண்டாம். அவரும் அட்டைப்பெட்டிதான். அவரும் கணபதிதான். நல்ல மனுசனுங்க, என்னையாட்டவே கொஞ்சம் ரோசக்காரரு.

அவருக்கு ஒரே பொண்ணு. அவரு பெட்டி போடற கம்பெனி மொதலாளிக்கு ஒரே பையன். மொதலாளி பேரும் வேண்டாம். மிக்ஸியோ கிரைண்டரோ, ஏதோ ஒண்ணு செய்யற கம்பெனின்னு வெச்சுக்குங்களேன். அந்த மொதலாளி அடிக்கடி சிநேகிதர் பட்டறைக்கு வருவாரு. வந்தா நேரா பின்னால வீட்டுக்குப் போய், 'ஏனம்மிணி, புளிச்சோறு இருக்குதா?'ன்னு எம்பட சம்சாரத்தை... சிநேகிதர் சம்சாரத்தை உரிமையாக் கேட்டு வாங்கிச் சாப்புடுவாரு. பெரிய மொதலாளியாச்சே, நம்ம வீட்டுல தரையில உக்காந்து திங்கறாரேன்னு சிநேகிதருக்குப் பெருமை தாங்காது. அப்படியே ஒரு நாள் அவரே வாயைத் தொறந்து, நம்ம பசங்க ரெண்டு பேருக்கும் முடிச்சரலாமான்னு கேட்டாரு. பசங்களுக்கும் இஷ்டந்தான். அதுக முன்னாலயே பேசி முடிச்சிருக்குமுங்க, நமக்குத்தான் கடைசியில தெரியும்.

அதோட வந்துது பாருங்க சங்கடம். எங்க பக்கம், சம்பந்தம் பேச்சு எடுத்துட்டா முடிவாகற வரைக்கும் பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. தண்ணி குடிக்கலாம், சோறு கூடாது. நேத்து வரைக்கும் புளிச்சோறு கேட்டவரு இன்னைக்கு வாசல்லயே நின்னு பேசிட்டுப் போறாரு. இன்னொண்ணும் இருக்குது. இத்தனை வருசமா சிநேகிதர் அவரை 'அண்ணா'ன்னு கூப்புட்டுட்டு இருந்தவரு. சம்பந்தம் பேசினதுக்கு அப்பறமும் அண்ணான்னா பொண்ணும் பையனும் என்ன மொறையாகறது? சரி, சம்பந்தின்னு கூப்புடலாம்னா இன்னும் முடிவாகலை. பாவம் மனுசன், எதையும் கூப்புடாம 'ஏனுங்க, ஏனுங்க'ன்னே ஓட்டினாரு.

ஆவணியில ஒரு ஞாயித்துக்கெழமை, வந்து பேசி முடிச்சு சாப்புட்டுட்டுப் போறதுன்னு ஏற்பாடு. அன்னைக்கு எலை போட்டுச் சாப்புட்டாச்சுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்தாச்சு. மொதலாளிக்காகன்னே தனியாப் புளிச்சோறு கெளறியாச்சு. நான் எலையைத் தொடைச்சுப் போட்டுட்டு நிக்கறேன். நானும் போயிருந்தனுங்க, சிநேகிதருக்கு ஒத்தாசைக்கு. மொதலாளி உக்காரப் போறாரு, அப்பப் பாத்து அவரு சட்டைப் பையில போன் அடிக்குது. எடுத்துட்டு வெளிய போனாரு. 'ஆமாங்க', 'நெசந்தானுங்க'ன்னு ரெண்டு வார்த்தை காதுல விழுந்துது. திரும்பி வந்தவரு எலையைப் பாத்தாரு, சிநேகிதரைப் பாக்கலை. 'இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமுங்க'ன்னாரு. செருப்பைப் போட்டுட்டுக் கெளம்பிட்டாரு.

யாருக்கும் ஒண்ணும் வெளங்கலை. சிநேகிதருக்கு மட்டும் வெளங்கிருச்சு. ஏன்னா அந்த வாரந்தான் மொதலாளி பேருக்குப் போட்ட பில்லையெல்லாம் ஒரு பைனான்ஸ் கம்பெனியில வெச்சிருந்தாரு. கல்யாணச் செலவு வருதேன்னு. அடுத்த நாள் அங்க இருக்கற பையனைக் கூப்புட்டுக் கேட்டா, 'வெரிபிகேஷன் ஞாயித்துக்கெழமையே முடிச்சாச்சு சார், பார்ட்டி ரொம்ப நல்லாப் பேசினாரு'ங்கறான். நெனைச்சுப் பாருங்க தம்பி. சம்பந்தியாகப் போறவரை எலைக்கு முன்னால நிறுத்தி வெச்சு, உங்களுக்குப் பெட்டி போடறவரு இந்த பில்லை எங்ககிட்ட வெச்சுப் பணம் வாங்கறாரு, பில் நெசமா பொய்யான்னு கேட்டிருக்கறான்.

எங்க ஊர்ல கடன் வாங்காம தொழில் பண்றவன் கெடையாதுங்க. வாங்கினேன்னு வாயால சொன்னவனும் கெடையாது. அப்படிப்பட்ட ஊர்ல இது எவ்வளவு பெரிய மானக்கேடு. அன்னைக்கு எம்பட சம்சாரம் அழுதுச்சு. சிநேகிதர் வீட்டு விஷயத்துக்கு நீ எதுக்கு அழுகறேன்னு கேட்டேன். ஒரு பார்வை பாத்துச்சுங்க. பொண்ணு ஒரு வார்த்தையும் கேக்கலை. எப்பவும் லொட லொடன்னு பேசற புள்ளை, வேலைக்குப் போகுது, வருது, தட்டுல போட்டதைச் சாப்புட்டுட்டு ரூமுக்குள்ள போயிருது. அது கேட்டிருந்தாக்கூடத் தேவலைங்க. கேக்காம இருந்ததுதான் தாங்க முடியலை. சிநேகிதருக்கு.

அந்தக் கோவத்துலதானுங்க நான் எறங்கினேன். நேரா எங்க சிறுதொழில்காரங்க சங்கத்துக்குப் போனேன். செயலாளர் ஸ்டெல்லா மேடம், லேத் பட்டறை நடத்தறாங்க, வாயும் அந்த லேத்தாட்டவே சுத்தமாச் சீவும். விஷயத்தைச் சொன்னேன். கூட்டம் போட்டாங்க. ஹால் நெறைஞ்சு போச்சு. யாரெல்லாம் பில் கடன்ல அடிபட்டிருக்கீங்க, கையைத் தூக்குங்கன்னாங்க மேடம். ஒரு கை எந்திரிக்கலை. சரி, யாருக்கும் ஒண்ணுமில்லை போலிருக்குதுன்னு டீ குடுத்துக் கலைச்சாங்க. அப்பறம் பாருங்க, மாடிப்படியில ஒருத்தர், வண்டி நிறுத்தற எடத்துல ஒருத்தர், பாத்ரூம் வாசல்ல ஒருத்தர், என்னைத் தனியாக் கூப்புட்டு, 'சென்னியப்பா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கறாரு'ன்னு ஆரம்பிச்சாங்க. சங்கத்துல எல்லாருக்கும் ஒரு சிநேகிதர் இருந்தாருங்க.

மேடத்துக்கிட்டச் சொன்னேன். 'இவுங்க எல்லாருக்கும் சிநேகிதர் ஒரே ஆளுதானோ என்னமோ. அப்படீன்னா ஊர்ல இருக்கற பில்லு பூராம் அவருதுதான்'னாங்க. என்னைப் பாத்து ஏன் அப்படிச் சிரிச்சாங்கன்னு தெரியலை. அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதினோம், அதுல எல்லாரும் 'நண்பருக்காக'ன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. கோரிக்கை எழுதறப்ப, வட்டி விஷயந்தான் மொதல்ல வரோணும்னு மேடம். ஞாயித்துக்கெழமை போன்தான் மொதல்லன்னு நான். சண்டை போட்டுக் கடைசியில ரெண்டாவதுக்கு எறங்கி வந்தேன்.

அதோட விடலீங்க நான். எம்பட கையில என்ன இருக்குது? பெட்டி இருக்குது. பெட்டியோட அடி மடிப்புல, 'பில் பைனான்ஸுக்குச் சட்டம் வேண்டும்'னு அச்சடிச்சு, எம்பட போன் நம்பரையும் போட்டேன். இதா தூங்கறாரே, இவரு கிரைண்டரைச் சொமந்துட்டு அது ஊர் ஊராப் போச்சு. நாடெல்லாம் பொங்கும்னு பாத்தேன். ஒரே ஒரு போன் வந்துது, தென்காசிப் பக்கமிருந்து ஒரு அம்மா. பைனான்ஸ்ல கிரைண்டர் குடுக்கறீங்களாமே, மாசத் தவணை எவ்வளவுன்னு கேட்டாங்க.

இவரு அதைப் பாத்தாரா பாக்கலையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பாக்காம இருப்பாருங்களா, அவரு கம்பெனிப் பெட்டியாச்சே. ஒரு வார்த்தை கேக்கலை. அடுத்த ஆர்டரைச் சேத்துக் குடுத்தாரு. அது மட்டுமில்லீங்க, மூணு மாசம் கழிச்சு வரவேண்டிய பணத்தைப் பெட்டி எறக்கின அதே வாரத்துல அனுப்ப ஆரம்பிச்சுட்டாரு. ஆவணி கடைசியில இருந்து அப்படித்தான். எனக்கு ஒரே ஆச்சரியம். எம்பட சம்சாரம், 'ஏனுங்க, அவரு ஏன் இப்படி அனுப்பறாருன்னு யோசிச்சீங்களா?'ன்னுச்சு. இதுல யோசிக்க என்ன இருக்குது? சரக்கு அப்படி. தரம் இருந்தா பணம் தன்னால ஓடி வரும்னேன். மறுபடியும் அதே பார்வை.

ஆனா பேச்சுவார்த்தை இல்லீங்க. பட்டறைக்கு வர்றதில்லை. கம்பெனியில எதிருல பாத்தா அவரு செவத்தைப் பாப்பாரு, நான் தரையைப் பாப்பேன். சிநேகிதருக்காகத்தான். ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு. பொண்ணுக்கு வேற எடம் பாக்கலாமான்னு ஒருத்தர் கேட்டப்ப வேண்டவே வேண்டாம்னுட்டேன். அந்தப் புள்ளை அந்தப் பையனைத் தவிர ஒருத்தனை நெனைக்காது, எனக்குத் தெரியும்.

அப்பத்தான் அரசாங்கத்துல ஒரு குழு போட்டு மெட்ராஸ்ல கருத்துக் கேக்கறாங்கன்னு கடுதாசி வந்துது. மேடம் எல்லாருக்கும் சேத்து டிக்கெட் போட்டாங்க. லிஸ்டைப் பாக்கறேன், எம்பேருக்குப் பக்கத்துல வெள்ளிங்கிரின்னு இருக்குது. இவரு எதுக்கு மேடம்னு கேட்டேன். அவரே போன் பண்ணிப் பேரு குடுத்தாரு, எனக்கென்ன தெரியும்னாங்க. அந்தச் சிநேகிதர் யாருன்னு கண்டுபுடிச்சு நாலு பேரு முன்னால கேக்கறதுக்குத்தான் வர்றாருன்னு நெனைச்சேன்.

இன்னைக்குக் காலையில கூட்டம். பெரிய ஹாலு, ஏ.சி. மேசைக்குப் பின்னால ஒரு ஆபீசரு, சின்ன வயசுதான், பொறுமையான ஆளு. எங்க ஆளுக ஒவ்வொருத்தரா எந்திரிக்கறாங்க. 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கறாருங்க.' அடுத்தவரு, 'எங்க வீதியில ஒரு நண்பருங்க.' மூணாவது ஆளு, 'சொந்தக்காரப் பையன் ஒருத்தனுங்க.' ஆபீசரு எழுதிட்டே வந்தவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. 'பாதிக்கப்பட்டவங்க ஒருத்தர்கூட நேர்ல வரலையா? நேர்ல ஒருத்தராவது சொன்னாத்தான் நான் பதிவு பண்ண முடியும். சிநேகிதருக்காகச் சட்டம் போட முடியாதுங்க'ன்னாரு.

மேடம் திரும்பி என்னைப் பாத்தாங்க. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. எதுக்கு என்னைப் பாக்கோணும்? எந்திரிக்கலாம்னுதான் பாத்தேன், முட்டி புடிச்சுக்கிச்சுங்க. ராத்திரி ரயில்ல வந்தது. இத்தனை மாசப் பாடும் அங்கியே முடிஞ்சுதுன்னு ஆயிப்போச்சு.

அப்பத்தான் இவரு எந்திரிச்சாரு.

'கடன் வாங்கினது நான் இல்லீங்க, வாங்க வெச்சவன் நானு'ன்னாரு. மைக்கு வேண்டாம்னுட்டாரு. 'மூணு மாசம் கழிச்சுத்தான் நான் பணம் குடுப்பேன். அதனாலதான் எனக்குப் பெட்டி போடறவரு பில்லைக் கொண்டுபோய் வெக்கறாரு. எம் பையனுக்குப் பொண்ணு முடிவு பண்ண ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். எலைக்கு முன்னால உக்காரப் போறப்ப போன் வருது. இந்தாளு பில்லு நெசமா, நீங்க எப்பப் பணம் தருவீங்கன்னு. அந்த எலையில வெக்கப்போற சோறு, நான் குடுக்காத பணத்துக்கு அவரு வட்டி கட்டி ஆக்குனதுன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அதைத் திங்க மனசு வரலை. அவரு மூஞ்சியைப் பாக்கவும் முடியலை. எந்திரிச்சு வந்துட்டேன். போன் பண்றவங்களுக்குச் சட்டம் போடுங்க. கூடவே எங்களுக்கும் ஒண்ணு போடுங்க, நேரத்துக்குப் பணம் குடுக்கச் சொல்லி.'

அவ்வளவுதான் பேசினாரு. உக்காந்துட்டாரு.

யாரைச் சொல்றாருன்னு எனக்கு வெளங்கலீங்க. சிநேகிதரைத்தான் சொல்றாரு போலிருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன். அந்த ஏ.சி. காத்து வேற கண்ணுக்கு ஒத்துக்கலை, தண்ணியா ஊத்துது. அதுக்குள்ள பின்னால இருந்து ஒருத்தர், 'நான் வாங்கியிருக்கறேனுங்க'ன்னு எந்திரிச்சாரு. இன்னொருத்தர், 'நானும்'னாரு. மாடிப்படி, வண்டி நிறுத்தற எடம், பாத்ரூம் வாசல், அத்தனை சிநேகிதரும் எந்திரிச்சாங்க. ஆபீசருக்கு எழுதி மாளலை. நானும் எந்திரிச்சனுங்க. ஊரே எந்திரிக்கறப்ப நாம மட்டும் உக்காந்திருந்தா மரியாதையா இருக்காதில்லீங்களா? 'நானும்'னு சொன்னேன். அது சிநேகிதருக்காகச் சொன்னது.

சட்டம் வருமா வராதான்னு தெரியாது. எழுதிக்கிட்டாங்க, மேல அனுப்பறமுன்னாங்க. இப்ப எனக்கு வெசனம் அதில்லீங்க. கூட்டம் முடிஞ்சு இந்நேரம் வரைக்கும் இவரு ஒரு வார்த்தை பேசலை. மத்தியானச் சோத்துப் பொட்டலம் குடுத்தாங்க, பசியில்லைன்னுட்டாரு. வண்டியில ஏறினதும் துண்டைப் போத்திட்டாரு. மனசுல இருந்ததைச் சொன்னாரு, சரி. ஆனா சம்பந்தம் என்னாச்சுங்க? அன்னைக்கு எந்திரிச்சுப் போனவரு போனவருதானா? வீட்டுல பொண்ணு கதவைத் தொறந்து என் மூஞ்சியைப் பாக்கும். அதுக்கு நான் என்ன சொல்றது? சிநேகிதர் என்ன சொல்லுவாரு?

சரி விடுங்க. பேசிப் பேசி வயிறு காஞ்சு போச்சு. நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க தம்பி. சம்சாரம் கட்டிக் குடுத்தது, புளிச்சோறு. ரெண்டு நாளானாலும் கெடாது. இவ்வளவு எதுக்குக் கட்டறேன்னு கேட்டதுக்கு, 'நீங்க பேசாம கொண்டு போங்க'ன்னுச்சு. இருங்க, மூடி இறுக்கமா இருக்குது. ம், வந்துருச்சு. பேப்பர் தட்டு ஒண்ணு எடுத்துக்...

தம்பி. அசையாதீங்க. துண்டுக்கு வெளிய கை வருது பாருங்க. தூக்கத்துல வருதோ என்னமோ. இல்லீங்க, கண்ணைத் தொறந்துதான் வெச்சிருக்கறாரு. எப்பத் தொறந்தாருன்னு தெரியலையே. டப்பாவுக்குள்ள கையை விட்டுட்டாரு. எடுத்துட்டாரு. வாயில போட்டுட்டாருங்க.

கேட்டீங்களா, என்ன சொல்றாருன்னு கேட்டீங்களா தம்பி?

'உங்க சிநேகிதர் வீட்டுப் புளிச்சோறு இன்னும் அதே ருசிதானுங்க, சம்பந்தி.'

நீங்க சித்தெ அந்தப் பக்கம் திரும்பிக்குங்க சாமி. இந்த வண்டியிலயும் ஏ.சி. ரொம்ப வெச்சிருக்கறாங்க.